மதிப்புரை எழுதுவதற்கு முன்: பாலியல் தொழிலாளர்களின் பாதுகாப்பு குறித்த கேள்வி பதில்

பாலியல் தொழிலாளர்களின் இணையப் பாதுகாப்பு தொடர்பாகப் பணியாற்றி வருபவன் என்ற முறையில், தாங்கள் சந்தித்த தொழிலாளரைப் பற்றி இணையத்தில் மதிப்புரை எழுதும் வாடிக்கையாளர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

கேள்வி: பெயரையும் தொலைபேசி எண்ணையும் நான் எழுதுவதே இல்லை. அதற்குப் பிறகும் என்ன ஆபத்து இருக்க முடியும்?

பதில்: நீங்கள் அஞ்ச வேண்டியது முன்பின் அறியாத வாசகரை அல்ல, அந்தத் தொழிலாளரை ஏற்கெனவே அறிந்த வாசகரைத்தான். தோளில் குத்திய பச்சை, பேச்சில் தெரியும் வட்டார வழக்கு, பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று அவர் சொன்னது ஆகியவற்றை மூன்று பேர் ஆளுக்கொன்றாக மூன்று மதிப்புரைகளில் எழுதியிருப்பார்கள். மூன்றையும் சேர்த்துப் படிக்கும் முன்னாள் கணவருக்கோ வீட்டு உரிமையாளருக்கோ பெயர் தேவைப்படாது. அதன் பிறகு வாடகை வீடு போகலாம், வேறு வேலை பறிபோகலாம், பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்கில் அந்த வரிகளே அவருக்கு எதிராக நிற்கலாம். ஆகவே, அவரைப் பற்றி முன்பே வெளியானவற்றைப் படித்துப் பார்த்து, அவற்றோடு சேர்ந்தால் உங்கள் வரி எதைக் காட்டிக்கொடுக்கும் என்று யோசித்த பிறகே எழுதுங்கள். ‘நேற்று மாலை’ என்பது போன்ற காலக் குறிப்பையும் தவிர்த்துவிடுங்கள். எந்த நாளில் எந்த இடத்தில் இருப்பார் என்பதை அறியக் காத்திருப்பவருக்கு அதுவே போதும்.

கேள்வி: முகத்தை மறைத்துவிட்டுப் படம் போடலாமா?

பதில்: கூடாது. கைப்பேசியில் எடுத்த படக்கோப்பில், எடுத்த நேரமும் சில வேளைகளில் இடத்தின் ஆயத்தொலைவுகளும் பதிந்திருக்கும். எல்லாத் தளங்களும் அவற்றை நீக்கிவிடும் என்று நம்ப முடியாது. திரைச்சீலையும் சன்னலுக்கு வெளியே தெரியும் கட்டடமுமே அறையை அடையாளம் காட்டப் போதுமானவை. அவரே விளம்பரத்தில் வெளியிட்ட படமாக இருந்தாலும் நகலெடுத்துப் போடாதீர்கள். தன் படத்தை அவர் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம், உங்களிடம் உள்ள நகலை அவரால் எடுக்க முடியாது.

கேள்வி: என்னென்ன சேவைகள் கிடைத்தன என்று விவரமாக எழுதினால்தானே மற்றவர்களுக்குப் பயன்படும்?

பதில்: இந்தக் கேள்விதான் அதிகம் பேரிடமிருந்து வந்திருக்கிறது. பணத்துக்கு ஈடாகச் செய்த பாலியல் செயலை விவரிக்கும் வரி, இத்தொழில் குற்றமாகக் கருதப்படும் நாடுகளில் சாட்சியமாகிவிடும். 2016இல் அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் இத்தகைய மதிப்புரைகளுக்கான தளம் ஒன்றைக் காவல்துறை முடக்கி, அதனோடு தொடர்புடையவர்களைக் கைது செய்தது. அதைவிட என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. ஆணுறை இல்லாமல் ஒப்புக்கொண்டார் என்று ஒருவர் எழுதிவிட்டால், அது உண்மையோ வீம்போ, அடுத்து வருபவர் அந்த வரியைக் காட்டி அதையே கேட்டு வற்புறுத்துகிறார். பாலியல் தொழில் குறித்த நியூசிலாந்தின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பான உறவுக்கான பொறுப்பைத் தொழிலாளர், வாடிக்கையாளர் இருவர் மீதும் சுமத்துகிறது. முன்பே பேசி ஒப்புக்கொண்டிருந்தாலும் மறுக்கும் உரிமை தொழிலாளருக்கு உண்டு என்றும் அது தெளிவாகச் சொல்கிறது. ஒரு முறை நடந்ததைப் பட்டியலாக்கி, எல்லோருக்கும் அளித்த வாக்குறுதியைப் போலக் காட்டுவது அந்த உரிமையைப் பறிப்பதாகும். சொன்ன நேரத்தைக் கடைப்பிடித்தாரா, விளம்பரத்தில் உள்ளபடி நடந்துகொண்டாரா, மரியாதையாகப் பேசினாரா, தன் விதிமுறைகளை முன்கூட்டியே சொன்னாரா என்பவற்றை எழுதுங்கள்.

கேள்வி: பணம் வாங்கிக்கொண்டு பாதியில் நிறுத்திவிட்டார். மற்றவர்களை எச்சரிக்கக் கூடாதா?

பதில்: நிறுத்துவது அவருடைய உரிமை. பணத்தைப் பற்றிய மனத்தாங்கல் இருந்தால், அவரிடமே ஒரு முறை மரியாதையாகக் கேளுங்கள், அதோடு விட்டுவிடுங்கள். ‘மோசமாக எழுதிவிடுவேன்’ என்று சொல்வது, நாகரிகமாகச் சொன்னாலும் மிரட்டல்தான்.

கேள்வி: அவர் விருப்பமின்றி அங்கே வைக்கப்பட்டிருக்கிறாரோ என்று சந்தேகம். அதை மதிப்புரையில் எழுதலாமா?

பதில்: வேண்டாம். அவரைக் கட்டுப்படுத்துபவர்களும் மதிப்புரைகளைப் படிப்பார்கள். அவரைத் தண்டிக்கவோ வேறிடத்துக்கு மாற்றவோ உங்கள் வரியே காரணமாகிவிடலாம். மீட்கிறேன் என்று நீங்களே இறங்கவும் வேண்டாம். ஆள் கடத்தலுக்கு எதிரான உதவி எண்ணையோ பாலியல் தொழிலாளர் அமைப்பையோ தொடர்புகொண்டு, கண்டதை மட்டும் சொல்லுங்கள். பதினெட்டு வயது நிரம்பாதவராகத் தோன்றினாலோ உயிருக்கு ஆபத்து என்று பட்டாலோ தாமதிக்காமல் காவல்துறைக்கோ குழந்தைகள் பாதுகாப்பு அமைப்புக்கோ தெரிவிக்க வேண்டும்.

கேள்வி: எழுதுவதற்கு அவரிடம் அனுமதி கேட்க வேண்டுமா? எப்படிக் கேட்பது?

பதில்: கட்டாயம் கேட்க வேண்டும். நேரில் கேட்டால் மறுப்பது அவருக்குக் கடினம் என்பதால், பின்னர் அவர் விளம்பரத்தில் கொடுத்துள்ள வழியில், எழுதியதை அப்படியே அனுப்பிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அனுமதி இல்லை என்றே பொருள்.

கேள்வி: பழைய மதிப்புரையை நீக்கும்படி ஒருவர் கேட்கிறார். என்ன செய்வது?

பதில்: காரணம் கேட்காமல் நீக்குங்கள். உங்களால் இயலாவிட்டால் தள நிர்வாகியிடம் கோருங்கள். நீக்கிய பின்னும் தேடுபொறியில் பழைய வரிகள் தெரிந்தால், காலாவதியான பக்கத்தை அகற்றக் கோரும் வசதி கூகுள் போன்றவற்றில் இருக்கிறது. அந்த இடத்தில் ‘இவர் தொழிலை விட்டுவிட்டார், அதனால் எடுத்துவிட்டேன்’ என்று விளக்கம் எழுதாதீர்கள். அவர் வெளியே தெரிய வேண்டாம் என்று நினைத்த செய்தி அதுவாகவே இருக்கலாம்.