ஸ்காலர்ஸ் பிரிவில் இடம் கிடைத்திருக்கிறது, சேர்க்கலாமா?

மருத்துவராக விரும்பும் உங்கள் மகளுக்கு டெக்சாஸின் வேகோ நகரிலுள்ள பேலர் பல்கலைக்கழகத்தின் யுனிவர்சிட்டி ஸ்காலர்ஸ் என்ற ஆனர்ஸ் (சிறப்பு மாணவர்களுக்கான) பிரிவிலும், வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய ஹூஸ்டன் பல்கலைக்கழகத்திலும் இடம் கிடைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். இரண்டுமே நல்ல இடங்கள், பதற்றம் வேண்டாம். பேலரில் சேர்ந்தால் பேலர் மருத்துவக் கல்லூரிக்குச் சுலபமாகப் போய்விடலாம் என்று நண்பர்கள் சொன்னதை மட்டும் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். ஹூஸ்டனில் இருக்கும் அந்தக் கல்லூரி 1969லேயே பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து தனி நிர்வாகமாகிவிட்டது. ஸ்காலர்ஸ் பிரிவில் இருப்பதால் அங்கே இடம் உறுதியாகிவிடாது.

பொதுவாகவே, மருத்துவக் கல்லூரிகள் 'ஸ்காலர்' என்ற பட்டத்துக்காக ஒருவரை எடுப்பதில்லை. அமெரிக்காவில் இளநிலைப் பட்டத்துக்குப் பிறகு சேரும் எம்.டி. மருத்துவப் படிப்புக்கு ஆண்டுதோறும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பிக்கிறார்கள். சேருவது சுமார் 23,000 பேர். சேருபவர்களின் சராசரி ஜி.பி.ஏ. (கல்லூரி மதிப்பெண் சராசரி) 4க்கு 3.8ஐ ஒட்டியும், மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட்டின் மதிப்பெண் 528க்கு 512ஐ ஒட்டியும் இருக்கிறது. ஆனர்ஸ் வகுப்பு கடினமாக இருந்தது என்பதற்காக ஜி.பி.ஏ. கணக்கில் கூடுதல் புள்ளி எதுவும் சேர்க்க மாட்டார்கள். அங்கே வாங்கிய பி கிரேடும் பி தான்.

அப்படியானால் இந்தப் பிரிவால் என்ன பயன்? பேலரில் அது தனி மேஜர், அதாவது முதன்மைப் படிப்பு. கட்டாயப் பாடங்கள் குறைவு, மீதியை மாணவியே ஆலோசகருடன் உட்கார்ந்து அமைத்துக்கொள்ளலாம். செவ்வியல் நூல்கள் படிக்க வேண்டும், ஒரு மொழி கற்க வேண்டும், கடைசியில் ஆய்வேடு எழுத வேண்டும். எம்கேட்டில் நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது கார்ஸ் என்ற வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதியில்தான். 90 நிமிடத்தில் 53 கேள்விகள், எல்லாம் இலக்கியம், தத்துவம், சமூக அறிவியல் போன்ற துறைகளின் கட்டுரைகளைப் படித்துப் பதில் சொல்ல வேண்டியவை. கோச்சிங் வகுப்பில் மூன்று மாதத்தில் வந்துவிடக்கூடியது அல்ல அது. மூன்று வருடம் கனமான நூல்களைப் படித்து விவாதித்த பெண்ணுக்கு அது கைகொடுக்கும். தன்னை நன்றாக அறிந்த பேராசிரியரிடமிருந்து பரிந்துரைக் கடிதமும் கிடைக்கும். என் கண்ணுக்கு இந்த இரண்டும்தான் உண்மையான லாபம்.

அந்தச் சுதந்திரத்திலேயே ஒரு கண்ணியும் இருக்கிறது. பல்கலைக்கழகம் பொதுப்பாடங்களிலிருந்து விலக்குக் கொடுத்தாலும் மருத்துவக் கல்லூரி கொடுக்காது. பெரும்பாலான டெக்சாஸ் மருத்துவக் கல்லூரிகள் உயிரியல், வேதியியல், இயற்பியல், உயிர்வேதியியலோடு புள்ளியியலும் ஆங்கிலமும் கேட்கின்றன. முதல் பருவத்திலேயே அந்தப் பட்டியலை வைத்துத் திட்டமிட வேண்டும். மூன்றாம் ஆண்டு வசந்தகாலத்தில் ஆய்வேட்டு வேலையும் எம்கேட் தயாரிப்பும் ஒன்றாக வந்து நிற்கும். மே மாதம் மருத்துவக் கல்லூரி விண்ணப்பம் திறந்துவிடும். நான்காம் ஆண்டில் ஆய்வேட்டை எழுதிக்கொண்டே நேர்முகத் தேர்வுகளுக்கும் போக வேண்டியிருக்கும். படிப்பதில் ஆசையுள்ள பிள்ளைக்கு இது பாரமாகத் தெரியாது. பெயருக்காகச் சேர்ந்தவள் அங்கேதான் சறுக்குவாள்.

பணத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரியோடு நிறுத்திவிட்டீர்கள். நான் அதைத்தான் அதிகம் யோசிக்கிறேன். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு, முதுநிலை, தொழிற்படிப்பு மாணவர்களுக்கு அரசு தந்த கிராட் பிளஸ் கடன் கிடையாது. மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்ற வரம்புக்குள்தான். ஆகவே 529 கணக்கில் (படிப்புக்கான வரிச்சலுகைச் சேமிப்பு) சேர்த்ததை இளநிலையிலேயே கரைத்துவிடாதீர்கள். ஸ்காலர்ஸ் பிரிவில் இடம் என்பது வேறு, உதவித்தொகை என்பது வேறு. உதவித்தொகைக் கடிதத்தில் எந்த ஜி.பி.ஏ.க்குக் கீழே போனால் பணம் நிற்கும் என்று பாருங்கள். ஒரு ஆறுதல்: டெக்சாஸ் அரசு மருத்துவக் கல்லூரிகளில் பொதுவாகச் சுமார் 90 விழுக்காடு இடங்கள் மாநிலத்தவருக்குத்தான், கட்டணமும் குறைவு. அவள் எந்தக் கல்லூரியில் படித்தாலும் அந்த வாய்ப்பு போகாது.

உங்கள் குடும்பம் இன்னும் கிரீன் கார்டுக்குக் (நிரந்தரக் குடியுரிமைக்குக்) காத்திருந்தால் உடனே சொல்லுங்கள். பல மருத்துவக் கல்லூரிகள் எச்-4 விசாவில் (வேலை விசாக்காரரின் குடும்பத்தாருக்கான விசா) இருப்பவர்களை எடுப்பதில்லை, அப்போது கணக்கே மாறிவிடும்.

அவள் விவாத மேடையிலும் வரலாற்றிலும் ஆர்வமுள்ளவள் என்று எழுதியிருந்தீர்கள். கடன் இல்லாமல் சமாளிக்க முடியுமானால் என் ஓட்டு பேலருக்கு. கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஹூஸ்டன், அங்கேயும் ஆனர்ஸ் கல்லூரி இருக்கிறது. மே 1க்குள் முடிவு சொல்ல வேண்டும். இரண்டு கல்லூரிகளின் உதவித்தொகைக் கடிதங்களையும் அனுப்புங்கள், மூவரும் உட்கார்ந்து நான்கு வருடச் செலவைக் கணக்குப் போட்டுவிடலாம்.