தண்டச்சோறு, தண்ணீர் பாட்டில், கேஸ் அடுப்பு: சி.பி.டி. கேள்வி-பதில்

பெங்களூருவில் எம்.ஜி. ரோடு தாண்டி மெட்ரோ சுரங்கத்துக்குள் நுழைந்ததுமே நெஞ்சு படபடக்கிறது, மயங்கி விழுந்துவிடுவேன் போல இருக்கிறது. இ.சி.ஜி., தைராய்டு எல்லாம் நார்மல். இப்போதெல்லாம் எம்.ஜி. ரோட்டிலேயே இறங்கி மெஜஸ்டிக்குக்கு ஆட்டோ பிடிக்கிறேன். சி.பி.டி.யில் (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் மனநலச் சிகிச்சை) பேசிப் பேசியே இதைச் சரிசெய்துவிடுவார்களாமே? - வாசகி, இந்திரா நகர்

பேசினால் மட்டும் போகாது, மெட்ரோவில் ஏறவும் வேண்டும்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். 'மயங்கப் போகிறேன்' என்று மனசில் ஒரு வரி ஓடியதும் உடம்பு தப்பித்து ஓடத் தயாராகிறது, இதயம் வேகமாக அடிக்கிறது. 'பார், நிஜமாகவே ஏதோ ஆகிறது' என்று மனசு இன்னும் அரள்கிறது. எம்.ஜி. ரோட்டில் இறங்கியதும் வருகிறதே ஒரு நிம்மதி, அதுதான் வினை. 'இறங்கியதால் பிழைத்தேன்' என்று மனசு கணக்கு எழுதிக்கொள்கிறது.

ஒரு நோட்டில் நாலு கட்டம் போடுங்கள்: எங்கே, மனசில் ஓடிய வரி, அதை எத்தனை சதவீதம் நம்புகிறீர்கள், கடைசியில் நடந்தது என்ன. 'மயங்குவேன், 90' என்று எழுதிவிட்டு ஒரே ஒரு ஸ்டேஷன், கப்பன் பார்க் வரை போங்கள். நாலாவது கட்டத்தை இறங்கிய பிறகு நிரப்புங்கள். சில நாள் கழித்து விதான சௌதா, அப்புறம் சென்ட்ரல் காலேஜ், அப்புறம் மெஜஸ்டிக். பயத்தில் ரத்த அழுத்தம் பொதுவாக ஏறும். மயக்கம் வருவது பெரும்பாலும் அது சட்டென்று இறங்கும்போது. அதனால் இந்த மாதிரிப் பதற்றத்தில் விழுவது அபூர்வம். கையில் இறுக்கிப் பிடித்திருக்கும் தண்ணீர் பாட்டிலையும் போகப் போகப் பைக்குள் வைத்துவிடுங்கள். (எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? கிட்டத்தட்ட எல்லோரும் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறார்கள்.) படிகளைச் சிகிச்சையாளரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

வீட்டைப் பூட்டிய பிறகு என் மனைவி நாலைந்து தடவை திரும்பிப் போய் கேஸ் அடுப்பைப் பார்க்கிறார். 'மூடியாச்சும்மா' என்று நான் சொன்னால் கொஞ்ச நேரம் சரியாக இருக்கிறார். - வாசகர், கே.ஆர். புரம்

அந்த 'மூடியாச்சும்மா'தான் இதற்குத் தீனி. இது ஓ.சி.டி.யாக (வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநலப் பிரச்சினை) இருக்கலாம், முதலில் அதை மனநல மருத்துவர் ஒருவர் பார்த்து உறுதி செய்யட்டும். திரும்பிப் போய்ப் பார்க்காமலே இருந்து, பதற்றம் தானாக இறங்குவதை அனுபவித்துப் பழகுவதுதான் சிகிச்சை. அதற்காக நாளையே நீங்கள் வாயை மூடிக்கொண்டால் வீட்டில் சண்டைதான் வரும். இரண்டு பேரும் சேர்ந்து போங்கள். பெங்களூருவின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் ஓ.சி.டி.க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

என் தெரபிஸ்டுக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலத்தில் சொல்லும்போது யாரோ ஒருவர் கதையைச் சொல்வது போல இருக்கிறது. - வாசகர், எலக்ட்ரானிக் சிட்டி

இந்த ஊரில் அடிக்கடி கேட்கிற குறை இது, நியாயமான குறையும்கூட. 1960களில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் மனநல மருத்துவர் ஆரோன் பெக், மனச்சோர்வில் இருந்தவர்களுக்குத் தங்களைப் பற்றிய சில எண்ணங்கள் கூப்பிடாமலே ஓடி வருவதைக் கவனித்தார். சி.பி.டி. அங்கிருந்துதான் வளர்ந்தது. அந்த எண்ணங்கள் பெரும்பாலும் நாம் திட்டு வாங்கிய மொழியில்தான் வரும்.

என்னிடம் வந்த ஒருவர் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்) வாரக்கணக்கில் 'ஃபெயிலியர்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். தமிழில் எழுதச் சொன்னேன். எழுதியது ஒரே வார்த்தை: 'தண்டச்சோறு'. அவர் அப்பா சொன்னது. 'ஃபெயிலியர்' என்பதை வைத்துக்கொண்டு எங்களால் எதையும் செய்ய முடியவில்லை. 'தண்டச்சோறு' என்றதும் கேள்வி கேட்க முடிந்தது. போன மாதம் வீட்டு வாடகை கட்டியது யார்? தங்கையின் காலேஜ் ஃபீஸ்? அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அதனால் நோட்டைத் தமிழில் எழுதுங்கள். முதலில் தமிழிலேயே வாசித்துக் காட்டிவிட்டு, பிறகு அர்த்தம் சொல்லுங்கள். தமிழிலேயே பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ், 14416. கட்டணம் கிடையாது, எந்நேரமும் கூப்பிடலாம்.

எத்தனை நாள் ஆகும்? மாத்திரை வேண்டாமா? - பல பேர்

வழக்கமாக வாரம் ஒரு தடவை, முக்கால் மணி நேரம், 12 முதல் 20 வாரம். மனச்சோர்வு கடுமையாக இருந்தால் மாத்திரையும் சேர்ந்தே தேவைப்படலாம். எழுதித் தர வேண்டியது மனநல மருத்துவர். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்தால் அடுத்த வார அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கொடுத்த வீட்டுப்பாடத்தை மூன்று வாரமாக நான் செய்யவில்லை. போகவே வெட்கமாக இருக்கிறது. - வாசகி, அல்சூர்

போங்கள், திட்ட மாட்டார்கள். நோட்டைத் திறக்கப் போனபோது மனசில் என்ன ஓடியது என்று கேட்பார்கள். 'செஞ்சு மட்டும் என்ன ஆகப் போகுது' என்றுதானே? இரண்டாவது கட்டத்தில் அதை எழுதி எடுத்துப் போங்கள்.