அப்பத்தா ஏறாத ரயில்

வணக்கம் அக்கா,

எனக்கு ராமேஸ்வரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடம். வேலை திருப்பூரில். 2024 ஐப்பசியில் எங்கள் அப்பத்தா இறந்துபோனார். வயது 83. முதல் வருஷத் திதிக்கு அவரைப் பற்றி நாலு பக்கம் எழுதி அச்சடித்து, சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க நினைத்தேன். உட்கார்ந்தால் பத்து வரிக்கு மேல் ஓடவில்லை.

தாத்தா தனுஷ்கோடியில் தங்கி, துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். 1964 டிசம்பரில் எங்கள் அத்தை பிறந்து பன்னிரண்டு நாள். பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வந்தவர், 22-ஆம் தேதி ராத்திரி பாம்பனில் ரயிலேறித் திரும்பிப் போனார். அன்றைக்குத்தான் தனுஷ்கோடிப் புயல். உடல்கூடக் கிடைக்கவில்லை. அப்பத்தாவுக்கு அப்போது 23 வயது. கருவாட்டுப் பெட்டியைத் தலையில் தூக்கினார். 1996-ல் எங்கள் அப்பாவும் கடலில் போய்விட்டார். மூன்றாம் நாள் கரை ஒதுங்கியவரை அப்பத்தாதான் குளிப்பாட்டினார். அப்போதும் அழவில்லை. என்னையும் தங்கச்சியையும் வளர்த்ததும் அதே கருவாட்டுப் பெட்டிதான்.

இரும்பு மனுஷி என்பார்கள் சிலர். கல்நெஞ்சுக்காரி என்பார்கள் சிலர். பிடிவாதமும் ஜாஸ்தி. சொந்தத் தம்பி கல்யாணம் மதுரையில் நடந்தது, போகவில்லை. பரமக்குடியில் நாத்தனார் சாவுக்கும் போகவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. உச்சிப்புளியில் அவருடைய அம்மா இறந்தபோது மட்டும் வத்தைப் படகில் மண்டபம் போய், அங்கிருந்து பஸ்ஸில் போனாராம். மதுரையை முதன்முதலாகப் பார்த்தது 47 வயதில். கோயில் வாசலில் எடுத்த போட்டோ இருக்கிறது. அழாத மனுஷி என்பதைத் தவிர இவரைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நீங்கள் உங்கள் அம்மாச்சியைப் பற்றி எழுதியதை எல்லாம் படித்திருக்கிறேன். அதனால் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

அப்பத்தா போனதற்கு என் வருத்தங்கள். தகப்பனில்லாத பிள்ளைக்கு அப்பத்தா போவது இன்னொரு தடவை தகப்பன் போகிற மாதிரி. திருப்பூர் அறையில் தனியாக உட்கார்ந்து இதை எழுதினீர்கள் என்று நினைக்கும்போதே மனசு கஷ்டப்பட்டது.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறைதான் அந்த 47 வயதில் நின்றேன். 2024-ல் 83 என்றால் பிறந்தது 1941. அதோடு 47-ஐக் கூட்டுங்கள். 1988 வருகிறது. பாம்பனில் கடலுக்கு மேல் ரோட்டுப் பாலம் திறந்தது 1988 அக்டோபர் 2.

அதற்கு முன்னால் தீவைவிட்டு வெளியே போக என்ன வழி இருந்தது? 1914-ல் வந்த ரயில் பாலம் ஒன்றுதான். இல்லையென்றால் படகு. பஸ், கார், மாட்டுவண்டி எதுவும் தாண்ட முடியாது. மதுரைக் கல்யாணமோ பரமக்குடிச் சாவோ, நம் ஊர்க்காரர்கள் கேள்வியே இல்லாமல் ரயிலில்தான் போனார்கள். உங்கள் அப்பத்தா போகவில்லை. பெற்ற தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கப் போனபோதும் ரயிலை விட்டுவிட்டு வத்தையில் ஏறியிருக்கிறார். புருஷனைக் கொண்டுபோன கடல்மேல் படகில் போக அவர் பயப்படவில்லை. மண்டபத்தில் பஸ் ஏறவும் தயங்கவில்லை. ரயில் ஒன்றைத்தான் தொடவில்லை. ரோட்டுப் பாலம் திறந்ததும் பஸ் ஏறி மதுரைக்குப் போய்விட்டார். 24 வருஷம், தம்பி. பிடிவாதம் என்று நீங்கள் எழுதிய இடத்தில்தான் அவருடைய அழுகை இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் தாத்தா ஏறியது பாம்பன் - தனுஷ்கோடி பாசஞ்சர், எண் 653. ராத்திரி 11.55-க்குப் பாம்பனைவிட்டுக் கிளம்பியது. தனுஷ்கோடியை நெருங்கும் நேரத்தில் புயல் அலை அப்படியே அடித்துக்கொண்டு போய்விட்டது. ஏறக்குறைய 115 பேர், ஒருவரும் மிஞ்சவில்லை. டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களைச் சேர்த்தால் இன்னும் கூடும் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். சேதமான பாலத்தை 46 நாளில் சரிசெய்து மறுபடி ரயில் விட்டார்கள். இன்றுவரை அதைப் பெருமையாகச் சொல்கிறோம், பெருமைதான். ஆனால் அந்த 47-ஆவது நாளை உங்கள் வீட்டு வாசலிலிருந்து யோசித்துப் பாருங்கள். ராமேஸ்வரம் போகிற ரயில் தங்கச்சிமடம் வழியாகத்தானே போகிறது. தொட்டிலில் இரண்டு மாசக் குழந்தை. வெளியே ரயில் ஊதிக்கொண்டு போகிறது. பிறகு தினமும் போகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டபடியேதான் அவர் காரல் மீனும் சூடை மீனும் காயப்போட்டிருக்கிறார். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரலில். அதற்குள் அப்பத்தா போய்விட்டார். அவருடைய கடைசி இரண்டு வருஷம் தீவில் அந்தச் சத்தம் இல்லை. அதை அவர் கவனித்தாரா, யாரிடமாவது ஏதாவது சொன்னாரா?

என் அம்மாச்சியைப் பற்றிக் கேட்டீர்கள். அவள் தனுஷ்கோடிப் பக்கம் கம்பிப்பாடு என்ற ஊர்க்காரி. அதே ராத்திரியில் ஏழு வயது மகளைப் பறிகொடுத்தாள். அந்தச் சித்தியின் போட்டோகூட எங்களிடம் கிடையாது. புயலுக்கு அப்புறம் ராமேஸ்வரத்தில் குடியேறிவிட்டாலும், கரைவலை இழுக்கும் சொந்தக்காரர்களைப் பார்க்க அடிக்கடி தனுஷ்கோடி போவாள், என்னையும் கூட்டிக்கொண்டு. அங்கே குடிதண்ணீருக்கு மணலில்தான் ஊற்று தோண்ட வேண்டும். இரண்டு பக்கமும் கடல், நடுவில் முழங்கை ஆழக் குழியில் நல்ல தண்ணீர் ஊறும். மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிசாக நிற்கிறது, அதுதான் விஷயம். சிரட்டையைச் சாய்த்து, மேலாக, வழித்தெடுக்கிற மாதிரி மொள்ள வேண்டும். நாலு சிரட்டை எடுத்தால் நிறுத்திவிட்டு, ஊறும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அவசரப்பட்டு அடியோடு மொண்டால் கீழிருந்து உப்பு ஏறிவிடும். அப்புறம் அந்தக் குழி அன்றைக்கு ஆகாது. எட்டு வயதில் நான் அப்படி ஒரு குழியைக் கெடுத்திருக்கிறேன். அவள் திட்டவில்லை. நாலடி தள்ளிப்போய் வேறு குழி தோண்டினாள்.

அப்படி ஊறுவதற்காகக் காத்திருந்த ஒரு நாள், நான் எதுவும் கேட்காமலே, “அவளுக்குச் சுருட்டை முடி, எண்ணெயே நிக்காது” என்றாள். அவ்வளவுதான். சிரட்டையை எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் உயிரோடிருந்த 20 வருஷத்தில் அந்த மகளைப் பற்றி இன்னும் இரண்டு வாக்கியம் சொல்லியிருப்பாள். ஒன்று, நண்டுக்குப் பயப்படுவாள் என்பது. இன்னொன்றை நான் எங்கும் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். நான் அம்மாச்சியைப் பற்றி எழுதிய பக்கங்கள் எல்லாம் இந்த மூன்று வாக்கியத்தைச் சுற்றி எழுதியவைதான்.

இரும்பு மனுஷி என்ற பேச்சைத் தயவுசெய்து உங்கள் எழுத்தில் சேர்க்காதீர்கள். எனக்கு அதில் கோபமே உண்டு. 23 வயதில், மார்பில் பால் கட்டியிருக்கிற ஒரு பெண், மறுவாரமே எழுந்து கருவாட்டுப் பெட்டியைத் தூக்க வேண்டியிருந்தது என்றால், அவர் உட்கார்ந்து அழ அந்த ஊர் இடம் கொடுக்கவில்லை என்றும் அர்த்தம். அதைச் சொல்லாமல் இரும்பு என்று பாராட்டினால், தாங்கிக்கொண்டது அவருக்குச் சுலபமாக இருந்த மாதிரி ஆகிவிடும். கல்நெஞ்சுக்காரி என்றவர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் அந்த ரயில் கணக்கை எழுதுங்கள், போதும். மதுரைத் தாத்தா இன்னும் இருந்தால் முதல் பிரதியை அவரிடம் கொடுங்கள். அக்கா ஏன் தன் கல்யாணத்துக்கு வரவில்லை என்று அவர் தெரிந்துகொள்ளட்டும்.

உங்கள் அப்பாவைக் குளிப்பாட்டியதை ஒரே வரியில் எழுதித் தாண்டியிருக்கிறீர்கள். அங்கே கொஞ்ச நேரம் நில்லுங்கள். தாத்தாவுக்கு உடல் இல்லை, குழி இல்லை, ஒரு குடம் தண்ணீர் ஊற்றக்கூட வாய்க்கவில்லை. 32 வருஷம் கழித்து மகன் கரைக்கு வந்துசேர்ந்தான். இவனையாவது கையால் தொட்டுக் குளிப்பாட்ட முடிந்தது. அன்று பெண்கள் யாராவது உதவிக்கு வந்தார்களா, அவர் யாரையும் தொடவிட்டாரா என்று கூட இருந்தவர்களிடம் கேளுங்கள். எந்தச் சேலை கட்டியிருந்தார் என்பதுவரை கேளுங்கள். நம் ஊர்ப் பெண்கள் அதையெல்லாம் மறக்க மாட்டார்கள்.

முக்கியமாக, அத்தையிடம் போய் உட்காருங்கள். அவருக்கே அறுபது தாண்டிவிட்டது. போனில் கேட்காதீர்கள். லீவு போட்டு வந்து, அவர் மீன் ஆய்கிறபோதோ கீரை கிள்ளுகிறபோதோ பக்கத்தில் இருங்கள். பன்னிரண்டு நாள் பிள்ளையாக இருந்தவருக்கு அந்த ராத்திரி நினைவில் இருக்காதுதான். ஆனால் மகளிடம் ஒரு விஷயத்தை மட்டும் அப்பத்தா சொல்லாமல் இருந்திருக்க மாட்டார். தாத்தா அன்றைக்கு ரயிலுக்குக் கிளம்பும் முன்னால் சாப்பிட்டாரா, என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள்.