30 கூட்டினால் பிப்ரவரி காணாமல்தான் போகும்

மன்னார்குடியில் ஆறு மோட்டாருக்கு மாதாமாதம் கிரீஸ் வைக்கும் தேதியை எக்செலில் போட்டால், 2025 ஜனவரி 31-க்கு அடுத்து நேரே மார்ச் 2 வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். 30 கூட்டியிருக்கிறீர்கள், அதான். அதற்குப் பதில் ஈடேட் (EDATE) என்ற எக்செல் ஃபார்முலாவைப் போடுங்கள், அது மாதத்தையே கூட்டும், பிப்ரவரி 28 என்று சரியாகத் தரும். ஆனால் அந்த 28-ஐ வைத்தே கீழே இழுத்தால் அடுத்தது மார்ச் 28தான், 31 திரும்பி வராது, நானே ஒரு வருஷம் இதைக் கவனிக்காமல் ஓட்டினேன். அதனால் முதல் தேதி இருக்கும் பி2 கட்டத்தை டாலர் குறி போட்டுப் பூட்டிவிட்டு, 1, 2, 3 என்ற மாத எண்ணிக்கையை மட்டும் பக்கத்துக் கட்டத்திலிருந்து எடுக்க வையுங்கள். விடை 45716 என்று வந்தால் பதறாதீர்கள், கட்டத்தின் ஃபார்மேட்டைத் தேதிக்கு மாற்றினால் போதும்.

அப்புறம், வருஷ சர்வீஸுக்கு இந்தக் கணக்கு வேண்டாம். மேட்டூர் திறக்க வேண்டிய ஜூன் 12-ஐ ஒரு கட்டத்தில் எழுதி அதிலிருந்து 45 கழியுங்கள், ஏப்ரல் 28 வரும். குறுவை நாற்றங்கால் விட்டபின் மோட்டாரைக் கழற்றினால் வைண்டிங் கடையில் உங்களுக்கு முன்னால் பத்து மோட்டார் கிடக்கும்.