கேளுங்க சொல்றேன்: ஏரிக்கரையில டென்ட்

கேள்வி: பசங்க லீவுக்கு கேப் விடால் போய் டென்ட் போடலாம்னு இருக்கோம். பக்கத்துல பங்காசின்னு சின்ன ஏரி இருக்காமே, அதுல நீர்யானை, முதலை எல்லாம் உண்டுன்னு மாமியார் பயப்படுறாங்க. போகலாமா? இங்க பிரீம்னு சொல்ற மீனும் இந்தியாவுல, ஊர்ல சித்தி வாங்குற ஜிலேபி மீனும் ஒண்ணா?
- ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா

பதில்: தாராளமா போங்கம்மா, ஆனா மாமியார் பயப்படுறதுல நியாயம் இருக்கு. அந்த ஏரி இசிமங்கலிசோங்குற ஈரநிலப் பார்க்குக்குள்ள இருக்குற இடம், 1999லயே உலகப் பாரம்பரியச் சின்னம்னு அறிவிச்சாங்க, அங்க தண்ணி நீர்யானை, முதலைங்களோடது. பகல்ல தண்ணிக்குள்ள கிடக்குற நீர்யானை பொழுது சாஞ்சதும் மேய கரையேறும், ஒரே ராத்திரியில 40 கிலோ வரைக்கும் புல்லு தின்னும், விடியறதுக்குள்ள அதே தடத்துல திரும்பிடும். அதனால கரையோரம் புல்லு நடுவுல அகலமா மிதிபட்ட தடம் கண்டா அங்க நிக்காதீங்க, நீர்யானைக்கும் தண்ணிக்கும் நடுவுல மட்டும் மாட்டிக்கவே கூடாது. ஒரு தடவை செயின்ட் லூசியா டவுன் கேம்ப்ல ராத்திரி டென்ட்டுக்கு வெளியே துணி கிழிக்கிற மாதிரி சரக் சரக்னு சத்தம், நீர்யானை புல்லு மேயுது, மூச்சு விடுறது கூட கேக்குது, டார்ச் அடிக்காம நாங்க அப்படியே கிடந்தோம், அரை மணி நேரம் கழிச்சு அதுவா போயிடுச்சு. முதலையைப் பத்தி ஒண்ணே ஒண்ணு, பசங்க கால் கழுவக் கூட ஏரியில இறங்கக் கூடாது. சாப்பாட்டை வண்டிக்குள்ள பூட்டி வைங்க, குரங்கு டென்ட் ஜிப்பையே திறந்துடும்.

மீனைப் பத்திக் கேட்டீங்களே, ஆமா, சித்தி வாங்குறது அனேகமா மொசாம்பிக் திலேப்பியா, அதைத்தான் இங்க பிரீம்னு சொல்றோம், நம்ம இந்தக் கரையோரத்து மீன்தான்! 1952ல தான் இந்தியாவுக்குக் கொண்டு போனாங்க, இன்னைக்கு அங்க குளம் குளமா பெருகி நாட்டு மீனுங்களுக்கே இடைஞ்சலா ஆயிடுச்சு. ஆனா இங்க அது சொந்த ஊர்ல இருக்கு, நாமதான் அதைப் பாத்து நடந்துக்கணும். தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வச்சுக் காப்பாத்தும். ஒரு கோடையில வேற ஒரு அணையில நான் தூண்டில்ல எடுத்த மீன் வாயிலேருந்து கடுகு கடுகா குஞ்சுங்க கையில கொட்டுச்சு, பதறிப் போய் எல்லாத்தையும் தண்ணியிலேயே விட்டேன். கோடையில வாய் உப்புன மீன் மாட்டுச்சுன்னா நீங்களும் உடனே விட்டுடுங்க.