மாண்டரின் மீன் தீவனத்தைத் தொடாதது ஏன்?

கேள்வி: 80 லிட்டர் கடல்நீர்த் தொட்டி அமைத்து இரண்டு மாதம் ஆகிறது. ஆசையாக வாங்கிய மாண்டரின் மீன், மூன்று வாரமாகக் குருணைத் தீவனத்தைத் தொடாமல் நாளெல்லாம் கல்லைக் கொத்திக்கொண்டிருக்கிறது. நோயாக இருக்குமோ என்று மருந்து ஊற்ற எண்ணுகிறேன். செய்யலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது நோயைவிடப் பட்டினியாகவே தோன்றுகிறது. தாமிரம் கலந்த மருந்தை ஊற்றினால், கல்லிடுக்கில் மிச்சமிருக்கும் மீனின் இரையும் செத்துவிடும்.

ஜப்பானின் ரியூக்யூ தீவுகளிலிருந்து பிலிப்பைன்ஸ் வழியாக ஆஸ்திரேலியா வரை, அலை அடங்கிய கடற்கழிகளிலும் கரையோரப் பவளத்திட்டுகளிலும், ஏறக்குறைய 18 மீட்டர் ஆழத்துக்குள், உடைந்த பவளத்துண்டுகள் குவிந்து கிடக்கும் இடங்களில் மாண்டரின் மீன் வாழ்கிறது. ஆறேழு சென்டிமீட்டர் நீளமே உள்ள உடலில் செதில் கிடையாது. துர்நாற்றமுள்ள வழவழப்பான சளிதான் அதற்குக் கவசம். பெரும்பாலான மீன்களின் நீலம் ஒளிச் சிதறலால் தோன்றுவது. இதன் நீலமோ உண்மையான நிறமி, முதுகெலும்பிகளில் மிக அரிதானது.

கண்ணாடியருகே அமர்ந்து சற்றுக் கவனியுங்கள். வயிற்றடித் துடுப்புகளை ஊன்றித் தத்தி நகரும். கண் சுழன்று ஒரு புள்ளியில் நிலைக்கும். பிறகு சின்ன வாய் முன்னே நீண்டு ‘சடக்’கென்று உறிஞ்சும். அது தேடுவது கோப்பிபாடு எனப்படும் நுண்ணிய ஓட்டுயிரிகளையும் சிறு புழுக்களையும்தான். பகல் முழுவதும் சிறுகச் சிறுக மேயும் உயிர் என்பதால், அதற்கு இரண்டு வேளைத் தீவனம் பழக்கமில்லை. இரண்டு மாதத் தொட்டியிலோ அந்த இரை பெருகியிருக்க வாய்ப்பில்லை.

மேலிருந்து பார்க்கும்போது தலைக்குப் பின்னால் உடல் ஒடுங்கி, வயிறு உள்வாங்கியிருந்தால் தாமதிக்காதீர்கள். உயிருள்ள கோப்பிபாடுகளை வாங்கி, விளக்கையும் பம்பையும் நிறுத்தியபின் கல்லருகே விடுங்கள். ஆர்ட்டீமியா எனப்படும் உப்புநீர்ச் சிற்றிறாலின் குஞ்சுகளையும், முட்டையிலிருந்து வெளிவந்தவுடன் கொடுக்கலாம். நேரம் கடந்தால் அவற்றின் சத்துக் குறைந்துவிடும். ஒரு சிறு கண்ணாடிக் குப்பியைச் சாய்த்து வைத்து, தினமும் அதே நேரத்தில் அதற்குள் உறைந்த மைசிஸ் இறாலைப் போட்டுவந்தால், வேக மீன்கள் தட்டிப் பறிக்காமல் இது நிதானமாக உண்ணப் பழகக்கூடும்.

இவ்வளவுக்குப் பிறகும் உடல் தேறாவிட்டால், நிறையக் கல்லோடு ஓராண்டுக்கு மேல் நிலைபெற்ற பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். மறுபடி வாங்கும் எண்ணம் இருந்தால், பண்ணையில் பிறந்து உறைந்த தீவனம் தின்னப் பழகிய மீனையே கேளுங்கள். அது உண்பதைக் கடையிலேயே கண்ணால் பார்த்தபின் பணம் கொடுங்கள்.