பிங் போகிறது, மோட்பஸ் மட்டும் அறுபடுகிறது

இரு கட்டிடங்களை ரேடியோவால் இணைத்திருக்கிறீர்கள்; பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) சீராக இருந்தும், மோட்பஸ் (மீட்டர்களும் கட்டுப்பாட்டுக் கருவிகளும் பேசிக்கொள்ளும் முறை) வழியே வரும் பம்ப் அறையின் அளவுகள் விட்டுவிட்டு வருகின்றன என்கிறீர்கள். ஆன்டெனாவைத் தொட வேண்டாம். இரு கட்டிடங்களிலும் உள்ள சீரியல் கன்வெர்ட்டர்களை (சீரியல் கம்பியை நெட்வொர்க்குடன் இணைக்கும் பெட்டிகளை) 'டிரான்ஸ்பரன்ட்' (வருவதை வந்தபடியே அனுப்பும்) முறையிலிருந்து 'மோட்பஸ் கேட்வே' முறைக்கு மாற்றுங்கள். பிஎல்சியில் (கட்டுப்பாட்டுக் கணினியில்) பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தை 1000 மில்லிவினாடியாக்குங்கள்.

ஏன் என்றால்: மோட்பஸ் ஆர்டியூ (சீரியல் கம்பியில் ஓடும் மோட்பஸ் வடிவம்) செய்தியின் நடுவே ஒன்றரை எழுத்து நேரத்துக்கு மேல் இடைவெளி விழக்கூடாது. 9600 பாட் (வினாடிக்கு 9600 பிட்) வேகத்தில் அது 2 மில்லிவினாடிகூட இல்லை. செய்தி இரண்டு பாக்கெட்டாகப் பிரிந்து, ரேடியோ ஒன்றை மறுபடி அனுப்பினாலே போதும், மீட்டர் அதைத் தள்ளிவிடும். கேட்வே முழுச் செய்தியையும் வாங்கிக்கொண்ட பிறகே சீரியல் பக்கம் விடுகிறது.

உறுதிசெய்ய, பிங்கை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, சராசரியை விட்டுவிட்டு அதிகபட்சத்தைப் பாருங்கள். 2, 3 மில்லிவினாடி என்று ஓடுவது திடீரென 80, 150 என்று தாவினால் பெரும்பாலும் இதுதான் காரணம். பிங்கே விடுபட்டால் கதை வேறு: இரு ஆன்டெனாக்களுக்கும் இடையே நேர்ப்பார்வையில் மரக்கிளை குறுக்கிடுகிறதா என்று பாருங்கள்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அவசர நிறுத்தப் பொத்தானை இந்த இணைப்பில் ஏற்றாதீர்கள். இணைப்பு அறுந்தாலும் தொட்டி நிரம்பியதும் பம்ப் நிற்க, மிதவை சுவிட்சை ஸ்டார்ட்டருக்கே நேரடியாக ஒயர் இழுத்துக் கொடுங்கள்.